ஷெல் நிபந்தனை தப்பான பக்கம் பாய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

டெர்மினலில் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரலான ஷெல்லில் ‘உண்மை’, ‘பொய்’ என்று தனி வகை கிடையாது. இஃப் செய்வது ஒரே வேலை: தனக்குப் பின்னால் வரும் கட்டளையை ஓட்டும், அதன் எக்ஸிட் கோட் (முடியும்போது கட்டளை திருப்பித் தரும் எண்) 0-வா என்று பார்க்கும். 0 என்றால் ‘தென்’ (அப்படியானால்) பகுதி. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ‘எல்ஸ்’ (இல்லையேல்) பகுதி. நாம் குறியீடு என்று நினைக்கும் `[` கூட ஒரு கட்டளைதான், டெஸ்ட் கட்டளையின் இன்னொரு பெயர். பெரும்பாலான கணினிகளில் கட்டளைகள் இருக்கும் கோப்பகத்தைத் திறந்தால் `[` என்ற பெயரிலேயே ஒரு ஃபைல் கண்ணில் படும். கடைசியில் வரும் `]` அந்தக் கட்டளைக்குப் போகும் கடைசி ஆர்க்யுமென்ட் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் சொல்), அவ்வளவே.

அந்தக் கட்டளை மூன்று விதமாகப் பதில் சொல்லும். 0 என்றால் ஆம். 1 என்றால் இல்லை. 2 அல்லது அதற்கு மேல் என்றால் ‘நீ கேட்ட கேள்வியே தப்பு’. இஃப்-க்கு 1-க்கும் 2-க்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் எல்ஸ் பக்கமே போகும். பிழைச் செய்தி எங்கோ ஒரு லாக் ஃபைலில் கிடக்க, ஸ்கிரிப்ட் ஒன்றும் நடக்காதது போல ஓடி முடியும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு ஓட்டையில்தான் ஒளிந்திருக்கின்றன.

எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. குறிகளும் எண்களும் டெர்மினலில் தட்ட வேண்டியபடியே உள்ளன. கட்டளை, ஆப்ஷன் பெயர்களை மட்டும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம் (-என், -இசட், -ஈக்யூ என்பதுபோல). தட்டும்போது உரிய ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். எடுத்துக்காட்டுகளில் `$1` என்பது ஸ்கிரிப்ட்டுக்கு வரும் முதல் ஆர்க்யுமென்ட். அதற்குச் சொல்வது எல்லா மாறிக்கும் பொருந்தும்.

## எதற்கும் முன்னால் மூன்று சோதனை

நிபந்தனையை இஃப்-இலிருந்து கழற்றித் தனியாக ஓட்டுங்கள், அடுத்த வரியிலேயே `$?` (கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட்) என்ன என்று அச்சிடுங்கள். 1 வந்தால் தர்க்கத்தில் கோளாறு, மதிப்புகளைப் பாருங்கள். 2 வந்தால் எழுத்துமுறையில் கோளாறு. மதிப்புகளை நோண்டிப் பயனில்லை. 127 வந்தால் அப்படியொரு கட்டளையே அகப்படவில்லை.

அடுத்து, ஸ்கிரிப்ட்டின் தலையில் செட் -எக்ஸ் போடுங்கள். மாறிகளெல்லாம் விரிந்த பிறகு `[` கையில் உண்மையில் என்ன கிடைத்தது என்று திரையில் வரும்:

```
+ '[' = 5 ']'
```

சமக்குறிக்கு இடப்பக்கம் காலியாக இருப்பது பளிச்சென்று தெரிகிறது அல்லவா? மாறி காலியாக இருந்தது, மேற்கோள்குறி போடவில்லை, வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிட்டது.

மூன்றாவது, எந்த ஷெல் ஓடுகிறது என்பது (பேஷ், டேஷ், இசட்-ஷெல் எல்லாம் ஷெல் வகைகள்). முதல் வரியில் `#!` போட்டு பேஷ் என்று எழுதியிருந்தாலும், ஓட்டும்போது எஸ்ஹெச் என்று சொல்லி ஃபைல் பெயரைக் கொடுத்தால் அந்த முதல் வரிக்கு மதிப்பே இல்லை. வெறும் குறிப்பு வரியாகத்தான் போகும். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்ஹெச் என்றால் டேஷ். மேக்கில் 2019-இன் கேட்டலினாவிலிருந்து டெர்மினலைத் திறந்தால் வருவது இசட்-ஷெல். பேஷில் மட்டும் ஓடும் சங்கதிகள் இரண்டிலும் உதைக்கும்.

ஸ்கிரிப்ட்டைப் படித்துப் பிழை காட்டும் ஷெல்செக் என்ற கருவி கையில் இருந்தால் இந்த மூன்றுக்கும் முன்பே அதை ஓட்டலாம். கீழே வருவதில் பலதை அது எண் போட்டே காட்டிக் கொடுக்கும்.

## அறிகுறி: ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, கூடவே `[5` போன்ற விசித்திரப் பெயர்

`[$1 = 5]` என்று ஒட்டி எழுதியிருப்பீர்கள். `$1` 5 ஆக இருந்தால் ஷெல் `[5` என்ற கட்டளையைத் தேடுகிறது. `[`-க்குப் பின்னும் `]`-க்கு முன்னும் இடைவெளி விடுங்கள்.

## அறிகுறி: எதைக் கொடுத்தாலும் ‘ஆம்’ என்கிறது

இதுதான் அதிகம் பேரைச் சுற்றவிடுவது. பிழைச் செய்தி வராது, எக்ஸிட் கோடும் நல்ல பிள்ளையாக 0 என்றே இருக்கும். காரணம் ஒரே விதி: `[` முதலில் தன் ஆர்க்யுமென்ட்டுகளை எண்ணுகிறது, எண்ணிக்கையை வைத்தே பொருள் கொள்கிறது. `]` கணக்கில் சேராது.

ஒன்றுமே இல்லையென்றால்: இல்லை. ஒன்று இருந்தால்: அது காலியான சரமாக இல்லாதவரை ஆம். இரண்டு இருந்தால்: முதலாவது `!` (‘இல்லை’ என்று புரட்டும் குறி) அல்லது -என், -எஃப் போன்ற ஒற்றை ஆப்பரேட்டர் (ஒரே மதிப்பைச் சோதிக்கும் குறி). மூன்று இருந்தால்: நடுவில் இருப்பதை ஆப்பரேட்டராக எடுக்கப் பார்க்கும். நான்கு இருந்தால்: முதலாவது `!`, மற்ற மூன்றும் மேலே சொன்னபடி. அதற்கு மேல் போனால் என்ன நடக்கும் என்று ஷெல்களுக்கான பொதுத் தரநிலையான போசிக்ஸ் உறுதி தரவில்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்:

```
[ $1=5 ]
[ 0 ]
[ !"$1" ]
[ -என் $1 ]
```

முதலாவதில் இடைவெளி இல்லை. `$1` 7 என்றால் `7=5` என்று ஒரே சொல்; காலியில்லை; ஆம். இரண்டாவதில் 0 என்பது ஓர் எழுத்து, காலியில்லை, ஆம். (ஃபால்ஸ் என்ற சொல்லை உள்ளே எழுதினாலும் ஆம்தான்.) மூன்றாவதில் ஆச்சரியக்குறி மதிப்போடு ஒட்டிக்கொண்டது, மதிப்பு காலியாக இருந்தாலும் அந்தக் குறி மிஞ்சும், ஆம்.

நான்காவதுதான் கள்ளன். ‘`$1` காலியில்லையா’ என்று கேட்கிறோம். உண்மையிலேயே காலியாக இருந்தால் மாறி மறைந்து `[ -என் ]` மட்டும் மிஞ்சும். ஒற்றை ஆர்க்யுமென்ட், அதுவும் காலியில்லாத சொல். பதில்: ஆம். எந்த ஒரு சந்தர்ப்பத்துக்காக இந்தச் சோதனையை எழுதினோமோ அதே சந்தர்ப்பத்தில் காலை வாருகிறது. இதற்கு நேரெதிரான `[ -இசட் $1 ]`-உம் இதே வழியில் `[ -இசட் ]` ஆகி ஆம் என்கிறது. அங்கே பதில் தற்செயலாகச் சரியாக அமைந்துவிடுவதால் மேற்கோள்குறி இல்லாமல் எழுதும் பழக்கம் கேட்பாரற்று வளர்கிறது. இரண்டையும் `"$1"` என்றே எழுதுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: `[ ! -ஏ ஃபைல் ]`. பேஷில் -ஏ என்பதற்கு ‘ஃபைல் இருக்கிறதா’ என்று ஒரு பொருள் உண்டு. ஆனால் மூன்று ஆர்க்யுமென்ட் வந்தால் நடுவில் நிற்கும் -ஏ ‘மற்றும்’ ஆகிவிடும். `!` காலியில்லை, ஃபைல் பெயரும் காலியில்லை, ஆகவே ஆம். ஃபைல் இருந்தாலும் ஆம், இல்லாவிட்டாலும் ஆம். ஃபைலைச் சோதிக்க -ஈ மட்டும் போதும், -ஏ-வை மறந்துவிடுங்கள். ‘மற்றும்’, ‘அல்லது’ என்ற பொருளிலும் -ஏ, -ஓ வேண்டாம். 2008 போசிக்ஸ் அவற்றை வழக்கொழியப் போகிறவை என்று குறித்தது, 2024 பதிப்பு நீக்கியே விட்டது. `[ "$1" = 5 ] && [ "$2" = 6 ]` என்று இரண்டு கட்டளைகளாக எழுதினால் எல்லா ஷெல்லிலும் ஒரே பதில்.

## அறிகுறி: கோப்பகத்தில் `9` என்ற பெயரில் காலி ஃபைல் முளைத்திருக்கிறது

`[ 10 > 9 ]` என்று எங்கோ எழுதியிருக்கிறீர்கள். `>` இங்கே ஒப்பீடு இல்லை, வெளியீட்டைத் திருப்பிவிடும் குறி. ஷெல் `9` என்ற ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு `[ 10 ]`-ஐ ஓட்டுகிறது; ஆம் என்று வருகிறது. `[ 10 > 99 ]` என்றாலும் ஆம்தான், இந்த முறை ஃபைலின் பெயர் `99`. ஏற்கெனவே அந்தப் பெயரில் ஃபைல் இருந்திருந்தால் அதன் உள்ளடக்கம் போயே போய்விட்டது. `<` போட்டால் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்ற செய்தி வரும். அது பரவாயில்லை, சேதாரம் இல்லை.

`[[ 10 > 9 ]]` என்று, பேஷில் உள்ள இரட்டை அடைப்புக்கு மாற்றினால் ஃபைல் முளைக்காது. ஆனால் அங்கே `>` அகராதி வரிசையைப் பார்க்கும். 1 என்ற எழுத்து 9-க்கு முந்தியது, ஆகவே 10 பெரியது இல்லை என்று பதில் வரும். எண்ணுக்கு `[ "$1" -ஜிடி 9 ]` (-ஜிடி என்றால் ‘பெரியதா’) அல்லது பேஷில் கணக்குக்கான இரட்டை வளைவு அடைப்பு `(( $1 > 9 ))`.

## அறிகுறி: ‘யூனரி ஆப்பரேட்டர் எக்ஸ்பெக்டட்’, ‘டூ மெனி ஆர்க்யுமென்ட்ஸ்’

இரண்டுக்கும் வேர் ஒன்று: `[ $1 = 5 ]` என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதியது. `$1` காலியானால் முதல் செய்தி. `$1`-இல் இரண்டு சொற்கள் இருந்தால் இரண்டாவது. மதிப்பு `*` ஆக இருந்தால் இன்னும் வேடிக்கை: நிற்கும் கோப்பகத்தில் உள்ள ஃபைல் பெயர்களெல்லாம் உள்ளே வந்து உட்காரும். ஒரு கோப்பகத்தில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. `"$1"` என்று எழுதினால் மூன்றும் தீரும். பழைய ஸ்கிரிப்ட்டுகளில் `[ "_$1" = "_5" ]` என்று முன்னால் ஓர் எழுத்தை ஒட்டியிருப்பார்கள்; மூன்று ஆர்க்யுமென்ட் விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் இன்றைய ஷெல்களில் அந்தக் காப்பு தேவையில்லை, இருந்தால் கெடுதலும் இல்லை.

செய்தி ‘அன்எக்ஸ்பெக்டட் ஆப்பரேட்டர்’ என்றிருந்தால் டேஷ் பேசுகிறது. அனேகமாக `[ "$1" == 5 ]` என்று இரட்டைச் சமக்குறி போட்டிருப்பீர்கள். பேஷ் பெருந்தன்மையாக ஏற்கும், டேஷ் ஏற்காது, 2 கொடுத்துவிட்டு எல்ஸ் பக்கம் போய்விடும். இதே வரியை இசட்-ஷெல்லில் தட்டினால் `= நாட் ஃபவுண்ட்` என்று வரும்; சமக்குறியில் தொடங்கும் சொல்லை அது கட்டளையின் பாதையாக விரிக்கப் பார்க்கிறது. `[ ]`-க்குள் ஒற்றை `=` மட்டும் எழுதுவதே உத்தமம்.

## அறிகுறி: காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் மட்டும் விழுகிறது

அல்லது ஜூலை வரை ஓடி, ஆகஸ்ட், செப்டம்பரில் விழுந்து, அக்டோபரில் தானாகச் சரியாகிவிடுகிறது. நாளும் மணியும் 08, 09 என்று முன்னால் சுழியோடு வருகின்றன. `(( ))`-க்குள் சுழியில் தொடங்கும் எண் எட்டடிமான எண் (0 முதல் 7 வரையுள்ள இலக்கங்கள் மட்டும் கொண்டது). 07 வரை சிக்கலில்லை, 08-இல் ‘வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்’ என்று கத்தும். கத்தாத இடம்தான் ஆபத்து: 010 என்பதை 8 என்று எடுத்துக்கொண்டு அமைதியாகப் போகும்.

பேஷிலேயே இரண்டு அடைப்புகள் இரண்டு விதமாகப் பேசும் (-ஈக்யூ என்றால் ‘எண்ணாகச் சமமா’; `#`-க்குப் பின் இருப்பது எக்ஸிட் கோட்):

```
[ 010 -ஈக்யூ 10 ]     # 0
[[ 010 -ஈக்யூ 10 ]]   # 1
```

ஒற்றை அடைப்பு பத்தடிமானமாகவே படிக்கும். இரட்டை அடைப்பு இருபக்கத்தையும் கணக்குக் கோவையாக மதிப்பிடும், அதனால் எட்டடிமானம் புகுந்துவிடும். ‘`[[ ]]` எப்போதும் மேல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறவர்களுக்கு இதுதான் முதல் அடி. தீர்வு, அடிமானத்தைச் சொல்லிவிடுவது: `(( 10#$1 > 7 ))`.

கணக்குக் கோவை என்பதால் வரும் இன்னும் இரண்டு விளைவுகள். `[[ "" -ஈக்யூ 0 ]]` ஆம் என்கிறது, காலி என்றால் 0 என்பது அதன் கணக்கு. ஒற்றை அடைப்போ ‘இன்டிஜர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்பெக்டட்’ என்று 2 கொடுக்கும். எண்ணுக்குப் பதில் ஆங்கிலச் சொல் ஒன்று வந்தால் `[[ ]]` அதை மாறியின் பெயராகக் கொண்டு, அப்படியொரு மாறி இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்ளும். அந்த மதிப்பு வெளியாள் கொடுத்ததாக இருந்தால் விஷயம் பாதுகாப்பு வரைக்கும் போகிறது: சதுர அடைப்புக்குள் `$( )` வைத்து அனுப்பினால் உள்ளே இருக்கும் கட்டளை ஓடிவிடும். ஆகவே எண்ணாக ஒப்பிடும் முன் எண்தானா என்று பாருங்கள்:

```
[[ $1 =~ ^[0-9]+$ ]] && (( 10#$1 > 7 ))
```

## அறிகுறி: இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன, சமம் இல்லை என்கிறது

மதிப்பு ஒரு ஃபைலிலிருந்து வந்ததா? அந்த ஃபைல் விண்டோஸில் சேமிக்கப்பட்டதா? அப்படியானால் வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத `\ஆர்` எழுத்து ஒட்டியிருக்கும். அடையாளம்: பிழைச் செய்தியின் முன்பகுதி அழிந்து, அரைகுறையாக முக்காற்புள்ளியில் தொடங்கும், அந்த எழுத்து கர்சரை வரித் தொடக்கத்துக்கு இழுத்துவிடுவதால் பின்னால் வருவது முன்னால் இருந்ததை மறைக்கிறது. கேட் -ஏ (பெரிய எழுத்து) கொண்டு ஃபைலைக் காட்டச் சொன்னால் வரி முடிவில் `^எம்$` என்று நிற்கும். டிஆர் -டி `'\ஆர்'` கொண்டு களைந்துவிடலாம்.

வடிவத்தோடு பொருத்திப் பார்க்கும் `=~` பொருந்தவே இல்லையென்றால் வலப்பக்கம் மேற்கோள்குறிக்குள் இருக்கிறதா பாருங்கள். 2006-இல் வந்த பேஷ் 3.2-இலிருந்து, `[[ $1 =~ "^[0-9]+$" ]]` என்று எழுதினால் உள்ளே இருப்பது வடிவம் அல்ல, அப்படியே எழுத்துக்கு எழுத்து தேட வேண்டிய சரம். வடிவத்தில் இடைவெளி இருந்தால் அதை ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியை மேற்கோள்குறி இல்லாமல் கொடுங்கள். `==`-க்கோ இதன் மறுபக்கம்: `[[ $1 == $2 ]]` என்றால் `$2` வடிவமாகிவிடும்; அது வெறும் `*` என்றால் எல்லாமே சமம். நேரடி ஒப்பீட்டுக்கு `[[ $1 == "$2" ]]`.

## அறிகுறி: ஆம் பக்கமும் ஓடுகிறது, இல்லை பக்கமும் ஓடுகிறது

```
[ "$1" = 5 ] && சேமி || நீக்கு
```

இஃப்-எல்ஸின் சுருக்கம் என்று நினைத்து எழுதப்படும் வரி. அப்படியில்லை. நிபந்தனை சரியாக இருந்து, ‘சேமி’ கட்டளை ஏதோ காரணத்தால் தோற்றால், ‘நீக்கு’ ஓடும். வட்டு நிரம்பிய நாளில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஷெல்செக் இதை எஸ்சி2015 என்று காட்டும். முழு இஃப் எழுதுவதில் நான்கு வரி கூடினால் கூடட்டும்.

ஷெல் வரியில் `&&`, `||` இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை, இடமிருந்து வலம். `[[ ]]`-க்குள் `&&` முந்தும். ஆகவே அடைப்புக்கு வெளியே இருந்ததை அப்படியே உள்ளே நகர்த்தினால் பொருள் மாறக்கூடும்.

## அறிகுறி: செட் -ஈ போட்ட ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நிற்கிறது

செட் -ஈ என்றால் ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நில் என்று பொருள். முதலில் எண்ணியைப் பாருங்கள். `ஐ` என்ற மாறி 0-வில் இருக்கும்போது `(( ஐ++ ))` ஓடினால், கோவையின் மதிப்பு கூட்டுவதற்கு முந்தைய 0. `(( ))` மதிப்பு 0 என்றால் எக்ஸிட் கோட் 1. செட் -ஈ அதைத் தோல்வி என்று எடுத்து ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடும். சுற்றின் முதல் தடவையிலேயே சாகும். `ஐ=$(( ஐ + 1 ))` என்று எழுதுங்கள்; இப்படி வெறும் கணக்கை வைக்கும் மதிப்பூட்டலின் கோட் 0.

அடுத்து ஃபங்ஷன்களின் கடைசி வரி. அங்கே `[ -என் "$2" ] && கட்டளை` இருந்து, நிபந்தனை பொய்யானால் ஃபங்ஷன் 1-ஐத் திருப்பும்; அழைத்த இடத்தில் ஸ்கிரிப்ட் நிற்கும். இஃப் ஆக மாற்றினால், எந்தக் கிளையும் ஓடாதபோது 0 திரும்பும்.

நேர்மாறான புகாரும் உண்டு: நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஒரு ஃபங்ஷனை இஃப்-இன் நிபந்தனையாகவோ, `&&`, `||`-க்கு இடப்பக்கமோ, `!`-க்குப் பின்னோ அழைத்தால், அதன் உடல் முழுக்க செட் -ஈ அணைந்துவிடும். உள்ளே பத்துக் கட்டளை தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதை உள்ளிருந்து மாற்ற வழியில்லை. முக்கியமான வரிகளில் `|| ரிட்டர்ன் 1` என்று கையால் எழுத வேண்டியதுதான்.

## அறிகுறி: தோற்ற கட்டளைக்கும் `$?` 0 என்கிறது

`லோக்கல் ஐ=$(கட்டளை)` என்று ஒரே வரியில் எழுதினால் கிடைப்பது லோக்கலின் (ஃபங்ஷனுக்குள் மட்டும் வாழும் மாறியை அறிவிக்கும் கட்டளை) கோட், உள்ளே ஓடிய கட்டளையுடையது அல்ல. முதல் வரியில் லோக்கல், அடுத்த வரியில் மதிப்பூட்டல் என்று பிரியுங்கள்.

`இஃப் ! கட்டளை` என்று சோதித்து, தென் பகுதிக்குள் `$?`-ஐப் பார்த்தால் அங்கே இருப்பது `!` புரட்டிப்போட்ட 0. அசல் எண் வேண்டுமானால் `கட்டளை || கோட்=$?`.

குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் `|`) போட்டிருந்தால் கடைசிக் கட்டளையின் கோட் மட்டுமே வரும். அதைச் சரிசெய்ய பைப்ஃபெயில் (குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்னும் ஆப்ஷன்) போட்டவுடன் புது வியாதி ஒன்று தொற்றும்: சொல்லைத் தேடும் கிரெப் -க்யூ முதல் பொருத்தத்திலேயே வெளியேறிவிடும்; இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் முன் கட்டளை உடைந்த குழாயில் எழுதப்போய் 13-ஆம் சிக்னலில் சாகும்; கோட் 128+13=141. சொல் கிடைத்திருக்கிறது, நிபந்தனை ‘இல்லை’ என்கிறது. வெளியீடு சிறியதென்றால் கிரெப் வெளியேறும் முன்பே எழுதி முடித்துத் தப்பிக்கும். லினக்ஸில் குழாயின் வழக்கமான கொள்ளளவான 65,536 பைட்டைத் தாண்டினால் மாட்டிக்கொள்ளும். சோதனைத் தரவில் ஓடி, நிஜத் தரவில் அவ்வப்போது விழுவதற்கு இதுவே காரணம். வெளியீட்டை முதலில் ஒரு மாறியில் பிடித்துக்கொண்டு, பிறகு `[[ ]]`-க்குள் `*சொல்*` வடிவத்தோடு ஒப்பிட்டால் குழாயே வேண்டாம்.

## அறிகுறி: ஃபைல் கண்முன்னே இருக்கிறது, இல்லை என்கிறது

`"~/..."` என்று அலைக்குறியை (உங்கள் முகப்புக் கோப்பகத்தின் சுருக்கம்) மேற்கோள்குறிக்குள் அடைத்திருந்தால் அது விரியாது, `~` என்ற பெயருள்ள கோப்பகத்தைத்தான் தேடும். அலைக்குறியும் சாய்கோடும் வெளியே இருக்கட்டும். பெயர் சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) என்றால் -ஈ இணைப்பைத் தொடர்ந்துபோய் இலக்கைப் பார்க்கும். இலக்கு அழிந்திருந்தால் பதில் இல்லை. இணைப்பையே சோதிக்க -ஹெச். மேலே உள்ள ஏதாவது ஒரு கோப்பகத்தில் நுழைய அனுமதி இல்லாவிட்டாலும் செய்தி எதுவும் இல்லாமல் 1 வரும். டெர்மினலில் ஓடி கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் சேவை) ஓடாதபோது, எந்தப் பயனர் பெயரில், எந்தக் கோப்பகத்திலிருந்து அது ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள்.